பேர்ல் ஹார்பர்: கப்பல்கள் மூழ்கின, பட்டறை ஏன் பிழைத்தது?

1941 டிசம்பர் 10. ஹவாயில் உள்ள அமெரிக்கக் கடற்படைத் தளமான பேர்ல் ஹார்பரை ஜப்பான் தாக்கி மூன்றே நாள் ஆகியிருந்தது. டார்பிடோ பட்டு விலாவில் ஓட்டை விழுந்த ஹெலீனா என்ற க்ரூசரை, கப்பல் பழுதுபார்க்கும் இரண்டாம் எண் ட்ரை டாக்கில் கொண்டுபோய் ஏற்றினார்கள். அந்த டாக் கட்டி முடிக்கப்படவே இல்லை. கட்டுமான வேலை பாக்கி இருக்கும்போதே கப்பல் உள்ளே போய்விட்டது.

இந்தத் தாக்குதலைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் என்னை நிறுத்தி வைப்பது இந்தத் தேதிதான். எட்டுப் பெரும் போர்க்கப்பல்கள் அடிபட்டுக் கிடந்த ஒரு துறைமுகத்தில், மூன்றாம் நாளே பழுதுபார்க்கும் வேலை நடக்கிறது. கிரேன் ஓடுகிறது, பம்பு இறைக்கிறது, லேத்து சுற்றுகிறது. அவ்வளவு பெரிய அடியில் இவை எப்படித் தப்பின? "ஜப்பானியப் படைத்தலைவர் நகுமோ விமானங்களின் மூன்றாவது அலையை அனுப்பவில்லை, அதனால்தான்" என்று ஒரே வரியில் சொல்லி முடிப்பது வழக்கம். அந்த வரி எனக்குப் போதவில்லை. பட்டறையின் விதி அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் எழுதப்பட்டதல்ல. அதற்குப் பல மாதம் முன்னால், டோக்கியோவில் இலக்குப் பட்டியல் போட்ட மேசையிலேயே எழுதப்பட்டுவிட்டது. ஆதாரங்களைப் பார்த்தால் அப்படித்தான் தெரிகிறது.

துறைமுகத்தில் இருந்தவை

ஓவாஹு தீவின் தென்கரையில், நடுவே ஃபோர்டு தீவை வைத்துக்கொண்டு சுற்றிலும் பிரிந்து கிடக்கும் குடாதான் பேர்ல் ஹார்பர். ஃபோர்டு தீவின் கிழக்கு ஓரத்தில் பெரும் போர்க்கப்பல்கள் வரிசையாக நின்றன. எதிர்க்கரையில் கடற்படை யார்டு. அங்கே முதலாம் எண் ட்ரை டாக், கட்டுமானத்தில் இருந்த இரண்டாம் டாக், ஒரு மிதக்கும் டாக், 1,010 அடி நீளத்தால் 'டென் டென்' என்று பெயர் பெற்ற துறைமேடை, பட்டறைகள், மின்நிலையம், கிரேன்கள். பக்கத்திலேயே நீர்மூழ்கித் தளம். தரைக்கு மேலே, வானிலிருந்து பளிச்சென்று தெரியும்படி எண்ணெய்த் தொட்டிகள். அவற்றில் ஏறத்தாழ 45 லட்சம் பீப்பாய் எண்ணெய் இருந்தது.

ட்ரை டாக்கைப் பார்த்திராதவர்களுக்கு: அது கரையில் தோண்டிய பிரம்மாண்டமான கான்கிரீட் பள்ளம். கப்பலை உள்ளே மிதக்கவிட்டு, வாயை ஒரு மிதவைக் கதவால் அடைத்து, தண்ணீரை இறைத்துவிட்டால், கப்பலின் அடிப்பாகம் முழுக்கக் கைக்கு எட்டும். ஹவாயில் இந்த வசதி இல்லாவிட்டால், அடிபட்ட கப்பல் 3,800 கிலோமீட்டருக்கு மேல் கடலைக் கடந்து அமெரிக்க மேற்குக் கரைக்குப் போக வேண்டும். ஓட்டை விழுந்த கப்பலுக்கு அது சாதாரணப் பயணம் அல்ல.

விழுந்தவை, விழாதவை

அகாகி, காகா, சோரியு, ஹிரியு, ஷோகாகு, ஜுயிகாகு என்ற ஆறு விமானந்தாங்கிக் கப்பல்கள். தலைமை வைஸ் அட்மிரல் சுயிச்சி நகுமோ. காலை 7.55க்குத் துறைமுகத்தின் மேல் பாய்ந்த முதல் அலையில் 183 விமானங்கள். ஒன்பது மணிக்குச் சற்று முன் வந்த இரண்டாம் அலையில் 167. பத்து மணிக்குள் எல்லாம் முடிந்தது. அமெரிக்கத் தரப்பில் 2,403 பேர் உயிரிழந்தார்கள்.

விமானங்கள் தூக்கிவந்த ஆயுதங்களைப் பார்த்தால் பாதிப் பதில் கிடைத்துவிடும். முதல் அலையில் 40 விமானங்கள் டார்பிடோவோடு வந்தன. டார்பிடோ தண்ணீரில் ஓடுவது. கரையில் இருக்கும் பட்டறையை அது ஒன்றும் செய்யாது. இன்னும் 49 விமானங்களில் தலைக்கு ஒரு 800 கிலோ குண்டு. கேட்கப் பெரிதாக இருக்கிறது. ஆனால் அது 41 செ.மீ. பீரங்கிக் குண்டைத் திருத்திச் செய்தது. கப்பலின் தடித்த இரும்புத் தளத்தைத் துளைத்து உள்ளே போய் வெடிப்பதற்கானது. எடையில் பெரும்பகுதி எஃகு. வெடிமருந்து 20 கிலோவுக்குச் சற்றே அதிகம். அரிசோனாவின் முன்பக்க வெடிமருந்துக் கிடங்கை எட்டியபோது அது 1,177 பேரைக் கொன்றது. அதே குண்டு தகரக் கூரை போட்ட ஒரு பட்டறையில் விழுந்திருந்தால் கூரையையும் தரையையும் துளைத்துக்கொண்டு போய் மண்ணில் வெடித்திருக்கும். அதே அலையில் வந்த பாய்ந்து குண்டு வீசும் விமானங்கள் 51. அவை விமானத்தளங்களுக்கு என்று ஒதுக்கப்பட்டவை.

இரண்டாம் அலையில் 78 பாயும் விமானங்கள், ஒவ்வொன்றிலும் 250 கிலோ குண்டு ஒன்று. பட்டறைக்கு ஆபத்தாகக்கூடியவை இவை. ஆனால் இவற்றுக்குக் குறிக்கப்பட்ட இலக்கும் கப்பல்களே. முதலில் விமானந்தாங்கிகள், அவை இல்லாவிட்டால் க்ரூசர்கள். விமானந்தாங்கிகள் ஒன்றும் துறைமுகத்தில் இல்லை. எண்டர்பிரைஸ் வேக் தீவிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தது, லெக்சிங்டன் மிட்வேயை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது, சரடோகா சான் டியேகோவில் நின்றது. இரண்டாம் அலை வந்தபோது, அடிபட்ட நிலையிலும் நெவாடா கிளம்பி வாய்க்காலை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. பல விமானிகள் அதன் மேலேயே பாய்ந்தார்கள். அரிசோனாவின் கரும்புகை துறைமுகத்தையே மூடியிருந்தது, விமான எதிர்ப்புப் பீரங்கிகளும் அதற்குள் விழித்துக்கொண்டுவிட்டன. ஜப்பான் அன்று இழந்த 29 விமானங்களில் 20 இரண்டாம் அலையைச் சேர்ந்தவை.

அப்படியானால் யார்டில் ஒரு குண்டும் விழவில்லையா? விழுந்தன. ஆனால் கப்பலைத் தேடி வந்து விழுந்தவை அவை. முதலாம் டாக்கில் பென்சில்வேனியா இருந்தது. அதற்கு முன்னால் காசின், டௌன்ஸ் என்ற இரண்டு நாசகாரிகள். டாக்கின் மிதவைக் கதவு ஒரு குண்டில் உடைந்தால், கடல் ஒரே பாய்ச்சலாக உள்ளே புகுந்து பென்சில்வேனியாவைத் தூக்கி முன்னால் இருந்த கப்பல்கள் மேல் எறிந்துவிடும். அதனால் அங்கிருந்தவர்கள் தாங்களே டாக்குக்குள் தண்ணீரைத் திறந்துவிட்டார்கள். உள்ளேயும் வெளியேயும் நீர்மட்டம் நெருங்கிவிட்டால் கதவுக்கு அழுத்தம் குறையும், தீயும் அடங்கும் என்ற கணக்கு. ஆனால் நாசகாரிகளிலிருந்து கசிந்த எண்ணெய் தண்ணீரோடு சேர்ந்து மேலே வந்து, எரிந்துகொண்டே கப்பல்களைச் சூழ்ந்தது. காசின் தன் தாங்குகட்டைகளிலிருந்து மிதந்து நகர்ந்து டௌன்ஸ் மேல் சாய்ந்தது. இரண்டு கப்பல்களும் உருக்குலைந்தன. டாக் பிழைத்தது.

மிதக்கும் டாக்கின் கதை வேறு. அதனுள் ஷா என்ற நாசகாரி இருந்தது. குண்டுபட்டு முன்பக்கக் கிடங்கு வெடித்து, கப்பலின் முகமே போய்விட்டது. அன்று எடுத்த படங்களில் வானத்தில் சிதறும் நெருப்புக் கோளமாகத் தெரிவது அந்த வெடிப்புதான். டாக்கும் மூழ்கியது. பழுதுபார்க்கும் வசதிகளில் உண்மையிலேயே பெரிய அடி வாங்கியது இது ஒன்றுதான். ஜனவரி கடைசியில் அதையும் தூக்கி வேலைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். முகமிழந்த ஷாவுக்கும் தற்காலிக முகப்பு ஒன்றைப் பொருத்தி, பிப்ரவரியில் அது தன் சொந்த இயந்திரத்திலேயே கலிபோர்னியாவுக்குக் கிளம்பியது.

டோக்கியோ கேட்ட கேள்விகள்

ஒரு தாக்குதலில் எதற்கு மதிப்புக் கொடுத்தார்கள் என்பதைத் தெரிந்துகொள்ள, உளவாளியிடம் என்ன கேட்டார்கள் என்று பார்த்தாலே போதும். ஹொனலுலுவில் இருந்த ஜப்பானியத் தூதரகத்தில் டகேயோ யோஷிகாவா என்ற கடற்படை ஆள், வேறு பெயரில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். 1941 செப்டம்பர் 24 அன்று டோக்கியோவிலிருந்து தூதரகத்துக்கு ஓர் உத்தரவு வந்தது. பேர்ல் ஹார்பரின் நீர்ப்பரப்பை ஐந்து பகுதிகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள், எந்தப் பகுதியில் எந்த வகைக் கப்பல் நிற்கிறது என்று சொல்லுங்கள், ஒரே துறைமேடையில் இரண்டு கப்பல் ஒட்டி நின்றால் அதையும் குறிப்பிடுங்கள் என்று. இந்தத் தந்தியை அமெரிக்கர்கள் இடைமறித்துப் படித்தும் இருந்தார்கள். அதன் பொருளைப் பிடிக்கத் தவறியது பற்றிப் பின்னால் பெரிய விசாரணைகள் நடந்தன. அது தனிக் கதை.

நம் ஆய்வுக்கு முக்கியமானது தூதரகம் அனுப்பிய பதில். இடங்களுக்குச் சுருக்கெழுத்து வைத்துக்கொண்டார்கள். கடற்படை யார்டின் பழுதுபார்க்கும் டாக்குக்கு 'கே.எஸ்.', டென் டென் துறைமேடைக்கு 'கே.டி.'. அதாவது அந்த டாக் அங்கே இருப்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும். அதற்குப் பெயரே வைத்திருந்தார்கள். ஆனால் அது ஒரு முகவரி மட்டும்தான். "கே.எஸ்.ஸில் யார் நிற்கிறார்" என்பதே கேள்வி. அந்த டாக் போனால் என்ன ஆகும் என்ற கேள்வி அந்தத் தந்திகளில் எழவே இல்லை.

இந்த முகவரிக் கணக்கு எவ்வளவு தூரம் போனது என்றால், பென்சில்வேனியா வழக்கமாக நிற்கும் இடம் டென் டென் என்று தெரிந்து வைத்திருந்ததால் அன்று அங்கேயும் டார்பிடோ போட்டார்கள். பென்சில்வேனியாவோ டாக்கில் இருந்தது. அந்த இடத்தில் நின்ற ஹெலீனாதான் அடியை வாங்கியது. பக்கத்தில் ஒட்டி நின்ற பழைய கண்ணிவெடிக் கப்பல் ஓக்லாலா, அதே வெடிப்பில் விலா பிளந்து சில மணி நேரத்தில் கவிழ்ந்தது.

ஏன் கப்பலை மட்டும் பார்த்தார்கள்? இரண்டு காரணம் தெரிகிறது. ஒன்று, ஜப்பானியக் கடற்படை வளர்ந்த விதம். 1905இல் சுஷிமாவில் ரஷ்யக் கடற்படையை ஒரே சண்டையில் நொறுக்கிய நினைவு அவர்களுடைய பள்ளிகளிலும் பயிற்சியிலும் ஊறிக் கிடந்தது. எதிரியின் போர்க்கப்பல் வரிசையை ஒரே மோதலில் முறித்துவிட்டால் போர் முடிந்தது என்பது பாடம். அந்தப் பாடத்தில் பட்டறைக்கு இடமே இல்லை.

இரண்டாவது காரணம் இன்னும் கறாரானது. ஜப்பானியக் கூட்டுக் கப்பற்படையின் தலைவர் யமமோட்டோ அந்தத் திட்டத்திடம் எதிர்பார்த்தது அவகாசம். மலாயா, பிலிப்பைன்ஸ், டச்சு இந்தியத் தீவுகள் என்று தெற்கே எண்ணெய்க்காகவும் ரப்பருக்காகவும் படை போகும்போது, ஏறத்தாழ ஆறு மாதம் அமெரிக்கக் கப்பற்படை பக்கவாட்டில் வந்து இடிக்கக் கூடாது. ஆறு மாதக் கணக்கில் பார்த்தால் போர்க்கப்பலை முடக்குவதுதான் நேர்வழி. பட்டறையை அடிப்பதன் பலன் மெதுவாகத்தான் தெரியும். நீண்ட போரில்தான் அதன் விலை ஏறும். நீண்ட போரை அவர்கள் திட்டமிடவில்லை. அமெரிக்கா ஆகஸ்டில் எண்ணெயை நிறுத்தியதால் போருக்குக் கிளம்பிய ஒரு நாடு, எதிரியின் எண்ணெய்த் தொட்டிகளைக் கண்ணெதிரே விட்டுவிட்டுப் போனதை வேறு எப்படிப் புரிந்துகொள்வது?

அமெரிக்கத் தரப்பில் அந்தத் தொட்டிகளைப் பற்றிக் கவலைப்பட்டவர்கள் இருந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். 1940 டிசம்பரிலேயே, தாக்குதலுக்கு ஓராண்டு முன்பே, ரெட் ஹில் மலைமுகட்டுக்குள் 20 பெரும் தொட்டிகளைக் குடைந்து எண்ணெயைப் பூமிக்கு அடியில் கொண்டுபோகும் வேலை தொடங்கிவிட்டது. ஒவ்வொன்றும் 250 அடி உயரம். வேலை முடிந்தது 1943இல்.

மூன்றாவது அலை

இப்போது அந்தப் பிரபலமான கதைக்கு வருவோம். முதல் அலையை நடத்திய மிட்சுவோ ஃபுச்சிடா, அகாகிக்குத் திரும்பியதும் "இன்னொரு முறை போக வேண்டும், எண்ணெய்த் தொட்டிகளையும் பட்டறைகளையும் அடிக்க வேண்டும்" என்று நகுமோவிடம் மன்றாடினார், நகுமோ மறுத்துவிட்டார் என்பது கதை. இதன் ஊற்று ஃபுச்சிடாவே, அதுவும் போருக்குப் பின். திட்டத்தை வகுத்த மினோரு கெண்டா அதே கப்பலில் இருந்தவர். அப்படி ஒரு வாக்குவாதம் நடந்ததாக அவர் ஒப்புக்கொள்ளவில்லை. பல வரலாற்று ஆய்வாளர்கள் இன்று ஃபுச்சிடாவின் வர்ணனையை நம்புவதில்லை. இன்னொரு தாக்குதல் பற்றிப் பேச்சு எழுந்திருக்கலாம். எழுந்திருந்தாலும், அன்றைய மனநிலையில் அது மிச்சக் கப்பல்களைப் பற்றியதாகத்தான் இருந்திருக்கும் என்பது என் கருத்து. பட்டறையின் அருமை 1942 ஜூனில் நடந்த மிட்வே கடற்சண்டைக்குப் பின்தான் எல்லோருக்கும் தெரிந்தது. தெரிந்தபின் அதைப் பழைய நினைவோடு சேர்த்துக்கொள்வது மனித இயல்பு.

நகுமோ மறுத்ததும் கோழைத்தனம் அல்ல. இரண்டாம் அலை திரும்பித் தளத்தில் இறங்க நண்பகல் தாண்டிவிட்டது. மறுபடி எண்ணெய் நிரப்பி, குண்டு மாட்டி, அடிபட்டவற்றை ஒதுக்கி, ஓர் அலையை அனுப்பினால் அது திரும்புவதற்குள் இருட்டிவிடும். அன்றைய ஹவாய்க் கடிகாரப்படி ஐந்தரைக்குள் சூரியன் மறைந்துவிடும். கடலும் கொந்தளிப்பாக இருந்தது. அமெரிக்க விமானந்தாங்கிகள் எங்கே என்று தெரியவில்லை. நாசகாரிகளின் எரிபொருள் கவலை வேறு. அவருடைய தலைமை அதிகாரி ரியுனோசுகே குசாகாவும் திரும்புவதையே விரும்பினார். கையில் கொடுத்த வேலை முடிந்தது, ஆறு கப்பலும் பத்திரம், வீட்டுக்குத் திரும்பலாம். கொடுத்த உத்தரவைப் பார்த்தால் அது சரியான முடிவு. குறை உத்தரவில் இருந்தது.

அடித்திருந்தால்?

"தொட்டிகளை அடித்திருந்தால் போர் இரண்டு ஆண்டு நீண்டிருக்கும்" என்று அமெரிக்கப் பசிபிக் கப்பற்படையின் தலைவராக இருந்த அட்மிரல் நிமிட்ஸ் பின்னாளில் சொன்னதாக எங்கும் எழுதுகிறார்கள். நிமிட்ஸின் சொல்லுக்கு எடை உண்டு. ஆனாலும் அதை அப்படியே ஏற்க எனக்குத் தயக்கம் இருக்கிறது. காரணம், வேறு துறைமுகங்களில் இதற்குச் சோதனைகள் நடந்திருக்கின்றன.

முதல் சோதனை நம் பக்கத்திலேயே நடந்தது. அதே நகுமோ, அதே படையில் காகா நீங்கலாக மற்ற ஐந்து விமானந்தாங்கிகளுடன், நான்கு மாதம் கழித்து இலங்கைக்கு வந்தார். 1942 ஏப்ரல் 5 கொழும்பு, ஏப்ரல் 9 திருகோணமலை. பிரிட்டிஷ் கப்பற்படையின் பெரும்பகுதி முன்பே விலகிப் போயிருந்ததால், இந்த முறை குண்டுகள் கரையில் விழுந்தன. விமானங்களில் மாட்டியிருந்ததும் தரை இலக்குக்கான 800 கிலோ குண்டுகள். கொழும்பில் பட்டறைகள் அடிபட்டன. திருகோணமலையில் கப்பல்துறையும், சீனக்குடா விமானத்தளமும் அடிபட்டன. சீனக்குடாவில் ஏறத்தாழ நூறு எண்ணெய்க் குதங்கள் காட்டுக்குள் பரவலாக நிற்கின்றன. ஒரு ஜப்பானிய விமானம் அவற்றில் ஒன்றின் மேல் மோதி விழுந்தது. அந்தக் குதம் நாள்கணக்கில் எரிந்தது. அடுத்த குதங்கள் பிடித்துக்கொள்ளவில்லை. இடைவெளி விட்டு, ஒவ்வொன்றுக்கும் தடுப்புச் சுவர் எழுப்பி வைத்திருந்ததன் பலன் அது. கெட்டியான ஃபர்னஸ் ஆயில் பெட்ரோல் மாதிரி சட்டென்று பற்றுவதும் இல்லை. பேர்ல் ஹார்பர் தொட்டிகளைச் சுற்றியும் மண்கரைகள் இருந்தன. அங்கே ஒவ்வொரு தொட்டியையும் தனித்தனியாக அடிக்க வேண்டியிருந்திருக்கும்.

அன்று பேர்ல் ஹார்பரில் சட்டென்று பற்றக்கூடிய சரக்கு வேறு இடத்தில் இருந்தது. ஃபோர்டு தீவின் எண்ணெய்த் துறையில், போர்க்கப்பல் வரிசையின் நடுவே, விமானப் பெட்ரோல் கொண்டுவந்திருந்த நியோஷோ என்ற எண்ணெய்க் கப்பல் நின்றது. அதன் கேப்டன் ஜான் பிலிப்ஸ், தாக்குதல் நடந்துகொண்டிருக்கும்போதே கயிற்றை அறுத்துக் கப்பலைப் பின்னால் எடுத்து, எரியும் கப்பல்களுக்கு இடையே நகர்த்திக்கொண்டு போனார். அதற்காக அவருக்கு நேவி கிராஸ் என்ற வீரப்பதக்கம் கொடுத்தார்கள்.

திருகோணமலை அந்த அடியோடு முடிந்துவிடவும் இல்லை. 1944இல் பிரிட்டிஷ் கிழக்குக் கப்பற்படை அங்கிருந்துதான் கிளம்பிப்போய், சுமத்ராவுக்கு அருகே ஜப்பானியர் பிடியில் இருந்த சபாங்கைத் தாக்கியது. அந்த ஆண்டு ஆகஸ்டில் அங்கே ஒரு பெரிய மிதக்கும் டாக் உடைந்து போனது. உள்ளே இருந்த வேலியண்ட் என்ற பெரும் போர்க்கப்பலும் மோசமாகச் சேதமடைந்தது. எதிரி விமானம் ஒன்றும் வரவில்லை. டாக்கை மிதக்க வைக்கும் தொட்டிகளில் நீர் ஏற்றி இறக்கிய முறையில் வந்த விபத்து அது.

இரண்டாவது சோதனை பிரான்ஸில், செயின்ட் நசேர் துறைமுகத்தில். அட்லாண்டிக் கரையில் டிர்பிட்ஸ் என்ற ஜெர்மன் பெரும் போர்க்கப்பல் நுழையக்கூடிய ஒரே ட்ரை டாக் அங்கே இருந்தது. பிரிட்டன் அந்த டாக்கையே இலக்காக்கியது; கப்பலை அடிக்க முடியாவிட்டால் அதற்குப் புகலிடம் இல்லாமல் செய்யலாம் என்ற யோசனை. ஆனால் வானிலிருந்து குண்டு போட்டு அதைச் சாதிக்க முடியாது என்று தெரிந்ததால், 1942 மார்ச் 28 அதிகாலையில் கேம்பல்டவுன் என்ற பழைய நாசகாரியின் முன்பகுதியில் நான்கு டன்னுக்கு மேல் வெடிமருந்தை அடைத்து, நேராக டாக்கின் கதவில் மோதினார்கள். கமாண்டோக்கள் கரையில் குதித்துப் பம்பு அறையையும் கதவை இழுக்கும் இயந்திரங்களையும் தகர்த்தார்கள். அன்று பகலில் கப்பல் வெடித்தது. போர் முடியும்வரை அந்த டாக் பயன்படவில்லை. 160க்கும் மேற்பட்ட பிரிட்டிஷ் வீரர்கள் அதில் இறந்தார்கள்.

ஒரு ட்ரை டாக்கை நிரந்தரமாக முடக்க அவ்வளவு தேவைப்பட்டது. கான்கிரீட் பள்ளத்தை உடைக்க முடியாது. கதவையும் பம்பையும் குறிவைக்க வேண்டும். பட்டறைக் கூரை விழுந்தாலும் கனமான இயந்திரங்கள் பெரும்பாலும் அப்படியே நிற்கும். இடிபாட்டைத் தள்ளிவிட்டுத் தார்ப்பாய் போட்டு வேலை பார்க்கலாம். பிற்பாடு ஜெர்மனியில் தொழிற்சாலைகள் மேல் ஆயிரக்கணக்கான டன் கொட்டியவர்களும் இதையே கண்டார்கள். நகுமோவின் 78 பாயும் விமானங்களும் யார்டின் மேலேயே வந்திருந்தாலும், அவை மொத்தமாகக் கொண்டுவரக்கூடியது 20 டன்னுக்குள். சேதம் பெரிதாக இருந்திருக்கும், மின்நிலையம் போயிருந்தால் சில மாதங்கள் தடுமாற்றம் இருந்திருக்கும், தேர்ந்த வேலையாட்கள் இறந்திருப்பார்கள். அந்தக் கடைசி இழப்பே எல்லாவற்றிலும் மோசமானதாக இருந்திருக்கும். இரண்டு ஆண்டு என்பது எனக்கு அதிகமாகப் படுகிறது.

ஆனால் சில மாதங்கள் என்பதும் சின்ன விஷயம் அல்ல. அடுத்து வந்த ஆறு மாதத்தில் அந்த யார்டு செய்ததைப் பார்த்தால் அது புரியும்.

பட்டறை செய்த வேலை

முதல் வேலை உயிர் காப்பது. ஓக்லஹோமா தலைகீழாகக் கவிழ்ந்து கிடந்தது. உள்ளே சிக்கியவர்கள் இரும்பைத் தட்டும் சத்தம் வெளியே கேட்டது. கேஸ் கட்டரால் வெட்டியபோது, உள்ளே இருந்த கொஞ்ச நஞ்சக் காற்றையும் அது தின்றுவிட்டு, உள்ளே இருந்த இருவர் மூச்சுத் திணறி இறந்தார்கள். யார்டைச் சேர்ந்த ஜூலியோ டி காஸ்ட்ரோ தன் ஆட்களோடு வந்து, காற்றழுத்தச் சுத்தியல்களால் இரும்பைக் கொத்தித் திறக்கத் தொடங்கினார். அதிலும் ஒரு சிக்கல்: துளை விழுந்ததும் உள்ளே அடைபட்ட காற்று வெளியே சீறும், அதே வேகத்தில் உள்ளே தண்ணீர் ஏறும். தண்ணீர் கழுத்துக்கு வருவதற்குள் ஆள் நுழையும் அளவுக்கு வெட்டியாக வேண்டும். இரவு பகலாக வெட்டி 32 பேரை வெளியே எடுத்தார்கள். அந்தச் சுத்தியல்களுக்குக் காற்று கொடுக்கவும், வெட்டுகிறவர்களுக்கு வெளிச்சம் கொடுக்கவும் ஆளும் கருவியும் பக்கத்திலேயே இருந்ததால்தான் அது முடிந்தது.

அப்புறம் கப்பல்கள். டெனசி, மூழ்கிய வெஸ்ட் வர்ஜீனியாவுக்கும் கான்கிரீட் தூணுக்கும் இடையே நசுங்கி நின்றது. தூணை வெடிவைத்து உடைத்து அதை விடுவித்தார்கள். டிசம்பர் 20 அன்றே டெனசி, மேரிலாண்ட், பென்சில்வேனியா மூன்றும் மேற்குக் கரைக்குக் கிளம்பின. 1942 பிப்ரவரியில் நெவாடா மிதந்தது, மார்ச்சில் கலிபோர்னியா, மே மாதம் வெஸ்ட் வர்ஜீனியா. ஆழம் சுமார் 12 மீட்டர்தான் என்பதால் இவை முழுக்க மூழ்கவில்லை, சேற்றில் உட்கார்ந்தன. நடுக்கடலில் போயிருந்தால் ஒன்றுகூட மிஞ்சியிருக்காது. ஜனவரியிலிருந்து மீட்பு வேலையை நடத்தியவர் ஹோமர் வாலின். முக்குளிப்பவர்கள் ஏறத்தாழ 5,000 முறை இறங்கி, எண்ணெயும் இருட்டும் நிறைந்த நீருக்கடியில் 20,000 மணி நேரம் வேலை பார்த்தார்கள். எரிந்துபோன காசின், டௌன்ஸின் இயந்திரங்களைக்கூடக் கழற்றிக் கலிபோர்னியாவுக்கு அனுப்பி, புது உடலில் பொருத்தி, அதே பெயர்களில் திரும்பக் கொண்டுவந்தார்கள்.

எல்லாவற்றுக்கும் மேல் யார்க்டவுன் என்ற அமெரிக்க விமானந்தாங்கி. 1942 மே 8 அன்று பவளக் கடல் சண்டையில் ஒரு குண்டு அதன் தளத்தைத் துளைத்து உள்ளே ஆழத்தில் வெடித்தது. அருகில் விழுந்த குண்டுகளால் உடம்பில் இணைப்புகள் விட்டு, எண்ணெய் கசிந்து, கடலில் நீளமான கோடு போட்டுக்கொண்டே வந்தது. மே 27 பேர்ல் ஹார்பரை அடைந்தது. சரியாகப் பழுதுபார்க்க 90 நாள் ஆகும் என்று மதிப்பீடு. ஜப்பானியர்கள் மிட்வேயை நோக்கி வருகிறார்கள் என்று சங்கேதம் உடைப்பவர்கள் சொல்லியிருந்ததால், நிமிட்ஸுக்கு மூன்று நாளில் வேண்டும். மறுநாள் காலை முதலாம் எண் டாக்கில் ஏற்றினார்கள், நாசகாரிகள் எரிந்தபோது தண்ணீர் திறந்துவிட்டுக் காப்பாற்றிய அதே டாக்கில். 1,400 பேருக்கு மேல் இரவு பகலாக வெல்டிங் பிடித்தார்கள். முழுப் பழுதும் நீங்கவில்லை. ஓட்டைகளை அடைத்து, வளைந்த தடுப்புகளுக்கு மரத்தாலும் இரும்பாலும் முட்டுக் கொடுத்து, தளத்தைச் சரிசெய்தார்கள். மே 30 காலை யார்க்டவுன் கடலுக்குப் போனது. அடிபட்டுக் குறைந்திருந்த அதன் விமானப் பிரிவுகளுக்குப் பதிலாகச் சரடோகாவின் பிரிவுகளை ஏற்றிக்கொண்டது.

ஜூன் 4 அன்று மிட்வேயில் அதன் விமானங்கள் சோரியுவை எரித்தன. மாலையில் ஹிரியுவைத் தேடிக் கண்டுபிடித்ததும் அவையே. யார்க்டவுன் தானும் அங்கே மூழ்கியது. பேர்ல் ஹார்பருக்கு வந்த ஆறில் அகாகி, காகா, சோரியு, ஹிரியு என நான்கு விமானந்தாங்கிகள் அந்தச் சண்டையில் போயின.

மற்ற இரண்டும் எங்கே இருந்தன? யார்க்டவுனை அடித்த அதே பவளக் கடல் சண்டையில் ஷோகாகுவும் குண்டு வாங்கியது. குரே துறைமுகத்துக்குத் திரும்பி, நிதானமாகப் பழுதுபார்க்கப்பட்டது. ஜுயிகாகுவின் உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. விமானங்களையும் விமானிகளையும் நிறைய இழந்திருந்தது, அவ்வளவுதான். ஷோகாகுவில் மிஞ்சியவர்களையும் வேறு பிரிவுகளையும் சேர்த்து அதற்கு ஒரு விமானக் குழுவை அவசரமாக அமைத்திருக்கலாம். யார்க்டவுனுக்கு அமெரிக்கர்கள் அதைத்தான் செய்தார்கள். மிட்வேக்கு அது தேவைப்படும் என்று யாரும் நினைக்கவில்லை. நகுமோ நான்கு விமானந்தாங்கிகளோடு கிளம்பியபோது, ஜுயிகாகு முழு உடம்போடு ஜப்பானில் நின்றுகொண்டிருந்தது.